கடைசி வகுப்பில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது?

19 ஜனவரி 2020, வாசகர் கேள்வி

ஜப்பானில், சைதாமாவில் மூன்று வருடமாக ஏஎல்டி வேலை, அதாவது பள்ளியில் ஆங்கிலத் துணை ஆசிரியர். ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, நான் புதுப்பிக்கவில்லை. ஒரு நடுநிலைப் பள்ளி, இரண்டு தொடக்கப் பள்ளி. பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிட நினைத்தேன், பள்ளியில் "இப்போது வேண்டாம், பொறுங்கள்" என்கிறார்கள். அடுத்த வருடம் என்ன விளையாட்டு என்று அவர்கள் கேட்கும்போது தினமும் பொய் சொல்வது போல இருக்கிறது. எப்போது சொல்லலாம்? ஜப்பானிய மொழியில் பேசுவதா ஆங்கிலத்திலா? ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா? ஏற்கனவே கிளம்பி வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

19 ஜனவரி 2020, இரவு

நான் கிளம்பி வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. 2015 ஆகஸ்ட் முதல் 2018 ஜூலை வரை ஷிமானே மாகாணத்தில், கோனோகவா ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், ஜெட் திட்டம் (வெளிநாட்டு இளைஞர்களை ஜப்பான் அரசே பள்ளிகளுக்கு வரவழைக்கும் திட்டம்). ஒரு நடுநிலைப் பள்ளி, நான்கு தொடக்கப் பள்ளிகள். ஆக ஐந்து விடைபெறல். ஐந்தில் ஒன்றுகூட உருப்படியாக நடக்கவில்லை, அதனால் அறிவுரை சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

முதல் கேள்விக்கு: சொல்லாதீர்கள். உங்களை அவமதிப்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை இடமாற்றம் வந்துவிடும், யார் எங்கே போகிறார் என்பது மார்ச் கடைசி வரை வெளியே வராது. பக்கத்து மேஜைக்காரரே உங்களிடம் சொல்ல மாட்டார். அப்புறம் ஒருநாள் உள்ளூர்ப் பேப்பரில் பெயர்ப் பட்டியல் முழுப் பக்கத்துக்கு வரும், ஊரே உட்கார்ந்து படிக்கும். பத்து வருடம் அதே பள்ளியில் இருந்த கணக்கு வாத்தியாரே வாயைத் திறக்காமல் இருக்கும்போது நாம் மட்டும் ஜனவரியிலேயே சொல்லிவிட்டால், அவர்கள் கண்ணுக்கு வரிசையில் முந்திக்கொண்டு போகிற ஆள் மாதிரித் தெரியும்.

மார்ச் கடைசியில் ரினின்ஷிகி என்று ஒன்று வைப்பார்கள், கிளம்பும் ஆசிரியர்களுக்கான விழா. விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளை அதற்காகவே ஒருநாள் பள்ளிக்கு வரச் சொல்வார்கள். பட்டமளிப்பு முடிந்து போன மூன்றாம் வருடப் பிள்ளைகள்கூட பழைய சீருடையை மாட்டிக்கொண்டு வருவதுண்டு. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று துணைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ஏஜென்சி வழியாக வந்தவர்கள் பெயர் சில இடங்களில் விட்டுப்போகும், அது வேண்டுமென்று செய்வதில்லை, மறதிதான்.

20 ஜனவரி 2020

பரிசு பற்றி எழுத மறந்துவிட்டேன். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கூடவே கூடாது. ஒவ்வாமைப் பட்டியல், மதிய உணவு விதி என்று ஆயிரம் இருக்கிறது. ஆசிரியர் அறைக்கு மட்டும் இனிப்பு வைத்துவிட்டு வர வேண்டும், அதுவும் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டியதாக இருக்க வேண்டும்.

நான் செய்த கூத்து இது. அம்மா கோவில்பட்டியிலிருந்து கடலை மிட்டாய் அனுப்பியிருந்தார். பாளம் பாளமாக. கடைசி வாரத்துக்கு முந்தின இரவு உட்கார்ந்து அதை உடைத்து 21 துண்டை அலுமினியத் தாளில் சுற்றினேன். ஜூலைப் புழுக்கத்தில் வெல்லம் இளகி, தாள் கிழிந்து, விரலெல்லாம் பிசுபிசுப்பு. காலையில் ஒவ்வொரு மேஜையிலும் ஒன்று வைத்தேன். துணைத் தலைமை ஆசிரியர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, உள்ளே என்ன என்றார். நிலக்கடலை. அவ்வளவுதான், அறையின் அந்தக் கோடியில் இருந்த இசை ஆசிரியையின் மேஜையை நோக்கி அவர் போன வேகத்தை நான் மூன்று வருடத்தில் பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்கு நிலக்கடலை ஆகாது. மூன்று வருடம் அவர் எதிரில் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாது.

மற்ற இருபது பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அங்கே எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

22 ஜனவரி 2020

"பிள்ளைகள் அட்டை எழுதித் தருவார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். தருவார்கள். சதுரமான கெட்டி அட்டை, நடுவில் உங்கள் பெயரோ படமோ, சுற்றிலும் சூரியக் கதிர் மாதிரி ஒவ்வொருவரும் இரண்டு வரி. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நடுநிலைப் பள்ளி இரண்டாம் வருடத்தில் 27 பேர். அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆசையாக விரித்தால், 23 பேர் ஒரே வாக்கியம். 'தேங்க் யூ ஃபார் டீச்சிங் மீ இங்கிலீஷ். ஐ என்ஜாய்ட் யுவர் கிளாஸ்.' கரும்பலகையில் மாதிரி எழுதிப் போட்டுப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சம் நாலு பேரில் ஒருவன் அதையே 'என்ஜாய்' என்று நிகழ்காலத்தில் எழுதியிருந்தான், இறந்த காலம் நடத்தியதே நான்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்று வருடம், திங்கள் செவ்வாய் விடாமல், கடைசியில் கையில் ஒரு சுற்றறிக்கை.

22 ஜனவரி 2020, பிற்பகல்

யமகதாவில் இருக்கும் அன்பர் "ஆங்கிலத்தில் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று பிள்ளைகளே பயப்படுவார்கள், அதற்காகத்தான் மாதிரி" என்கிறார். இருக்கலாம். கோபம் குறையவில்லை.

2 பிப்ரவரி 2020

மொழி பற்றி. பேச்சு ஜப்பானிய மொழியில் இரண்டு நிமிடம், கடைசியில் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம், போதும். உடற்பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகள் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜூலையில் அது சூளை. மேடையேறி, கொடிக்கு ஒரு வணக்கம், தலைமை ஆசிரியருக்கு ஒரு வணக்கம், மைக்குக்கு வந்து இன்னொன்று. இந்த வரிசையை ஒருமுறை ஒத்திகை பாருங்கள், பேச்சை விட இதில்தான் கால் தடுமாறும்.

நான் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த தப்பைச் சொல்கிறேன். நம் வீட்டில் "போறேன்" என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டினால் அடி விழும், "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லும் 'இத்தேகிமாஸ்' அச்சு அசல் அதே வார்த்தை, போய் வருகிறேன். சயோனாரா சொல்ல வாய் வரவில்லை, பேச்சை 'இத்தேகிமாஸ்' என்று முடித்தேன். எழுபது பிள்ளைகளும் பழக்க தோஷத்தில் ஒரே குரலில் 'இத்தேராஷ்ஷாய்!' என்றார்கள், போய்ட்டு வாங்க. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமை ஆசிரியர் முகம் மட்டும் ஒரு மாதிரி ஆனது. ஏன் என்று கீழே இறங்கியதும் தெரிந்தது. முதல் வகுப்புக் குட்டி ஒன்று வந்து, கோடை விடுமுறை முடிந்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று கேட்டது. அந்த வார்த்தையைச் சொன்னவர் திரும்பி வந்தாக வேண்டும், அதற்கு வேறு பொருளே கிடையாது. நம் ஊரில் சாவு வீட்டைத் தவிர எங்கேயிருந்து கிளம்பினாலும் "வரேன்" என்கிறோம், யாரும் தேதி கேட்பதில்லை.

சயோனாராவையே சொல்லுங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது வகுப்பு மொத்தமும் சேர்ந்து கத்தும் வார்த்தை அது. நமக்குத்தான் அது ஏதோ சினிமாவின் கடைசிக் காட்சி.

9 பிப்ரவரி 2020

இழை வேறு பக்கம் போவது தெரிகிறது, ஆனாலும் சான்கோ ரயிலைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை. ஆமாம், அது ஓடிய ஊர்தான். கோட்சுவிலிருந்து மியோஷி வரை ஆற்றை ஒட்டியே 108.1 கிலோமீட்டர். பாதை முழுசாக இணைந்தது 1975இல், மூடியது 2018 மார்ச் 31 இரவோடு. வழியில் உசுயி என்று ஒரு நிலையம், தரையிலிருந்து இருபது மீட்டர் உயரத்தில் தூணில் நிற்கும், ஏற 116 படி.

என் வகுப்பில் அந்த ரயிலில் வந்தவர்கள் இரண்டே பேர். மூடப் போகிறார்கள் என்றதும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கடைசி வாரங்களில் பிள்ளைகள் காகிதக் கொடி செய்து ஒவ்வொரு வண்டிக்கும் ஆட்டினார்கள், காலி வண்டிக்கும் சேர்த்து. மறுநாள் அதே வண்டி திரும்ப வரும், மறுபடி ஆட்டுவார்கள். மார்ச்சில் அதைப் பார்த்துவிட்டு, ஜூலையில் எனக்கும் கொடி ஆட்டுவார்கள் என்று ஒரு மூலையில் நினைத்தேன் போல.

10 பிப்ரவரி 2020

நேற்று எழுதியதில் விட்டுப்போன ஒன்று. ஐந்தில் ஒரு பள்ளியில் விடைபெறவே இல்லை, அதைத்தான் எழுத வந்தேன், ரயில் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பருவ நிறைவு விழா எல்லாப் பள்ளியிலும் ஒரே நாள் காலையில். ஓர் ஆள் ஒரு மேடையில்தான் நிற்க முடியும். அதனால் நடுநிலைப் பள்ளிக்கு அந்த நாள், தொடக்கப் பள்ளிகளுக்கு என் கடைசி வருகை எப்போதோ அப்போது. மிகச் சின்ன பள்ளி ஒன்று, மொத்தம் 14 பிள்ளைகள், எல்லாரும் ஒரே அறையில் மதியம் சாப்பிடுவார்கள். என் பக்கத்து நாற்காலி யாருக்கு என்பதற்கு ஜாங்கென் போடுவார்கள், கல் காகிதம் கத்திரிதான். (அங்கேதான் நான் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறி விழுந்தேன். அது வேறு கதை.) ஜூன் கடைசியில் போனபோது, அடுத்த முறைக்கான ஜாங்கெனை அன்றைக்கே முடித்துவிட்டார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜெயித்தான். ஜெயித்ததும் அந்த நாற்காலியின் அடியில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்தான், இடம் பிடிக்கிறானாம்.

ஜூலை 6ஆம் தேதி மழை பிடித்தது. மேற்கு ஜப்பானில் இருநூறு பேருக்கு மேல் செத்த மழை அது, ஹிரோஷிமா, ஒகயாமா, எஹிமே எல்லாம் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் 7ஆம் தேதி கோனோகவா கரை தாண்டியது. ஊருக்குள் பழுப்புத் தண்ணீர். அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்குப் போகும் சாலையில் மண் சரிந்து கிடந்தது. என் முறை அந்த வாரம்தான். அப்புறம் நாளே இல்லை. அட்டை மட்டும் கல்வி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

செப்டம்பரில் அந்தப் பள்ளி ஆசிரியை ஒரு மெயில் போட்டார். எனக்குப் பின் வந்த இளைஞருக்கு முதல் மதிய உணவு. நாற்காலிக்கு ஜாங்கென் போடலாம் என்றபோது அந்தப் பையன் எழுந்து, நான் ஏற்கனவே ஜெயித்தாச்சு என்று போய் உட்கார்ந்துகொண்டானாம். புது ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் விளக்கவும் இல்லை.

28 பிப்ரவரி 2020

செய்தி பார்த்தேன். ஜப்பான் பிரதமர் நேற்றுச் சாயங்காலம் சொல்லியிருக்கிறார், கொரோனாவுக்காக மார்ச் 2 முதல் நாடு முழுக்கப் பள்ளிகளை மூடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாராம். இன்று வெள்ளி. அப்படியானால் உங்களுக்கு இன்றுதான் கடைசி நாள்.

நான் "சொல்லாதீர்கள்" என்று எழுதியதை நினைத்து மத்தியானத்திலிருந்து உட்கார முடியவில்லை. இதைப் படிக்க நேரமிருந்தால் படிக்காதீர்கள், வகுப்புக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள், யார் என்ன சொன்னாலும் பரவாயில்லை.

1 மார்ச் 2020

நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு பள்ளிக்கு மட்டும் போக முடிந்தது, அங்கேயும் பிள்ளைகள் மேஜையைக் காலி செய்து, ஓவியப் பை, கையெழுத்துப் பயிற்சிப் பெட்டி, கூடத்துச் செருப்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிற அவசரத்தில் இருந்தார்கள், நீங்கள் வாசலில் நின்று கை காட்டினீர்கள், அவர்கள் "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று வாய் தவறிச் சொல்லிச் சிரித்தார்கள். இதற்கு நான் என்ன எழுத? என் தப்பு என்று மட்டும் எழுதி வைக்கிறேன். இல்லை என்று நீங்கள் சொன்னதையும் படித்தேன்.

ஷிமானே மாகாண அரசு தன் பள்ளிகளை உடனே மூடவில்லையாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதிலும் அவசரம் கிடையாது.

3 மார்ச் 2020

தூக்கம் வராமல் பழசைப் புரட்டிக்கொண்டிருந்தேன். லஃப்காடியோ ஹெர்ன் பெயர் கேட்டிருப்பீர்கள், பேய்க்கதைக்காரர். ஷிமானேயின் தலைநகர் மட்சுவேயில் இன்றும் 'ஹெருன் சான்' என்று சொந்தக்காரர் மாதிரித்தான் சொல்வார்கள். 1890இல் அங்கே ஆங்கில வாத்தியாராகப் போனார், நம் தொழில்தான். குளிர் தாங்காமல் 1891 நவம்பரில் குமாமொட்டோவுக்குக் கிளம்பிவிட்டார். மூன்று வருடம் கழித்து வந்த அவர் புத்தகத்தின் கடைசி அத்தியாயமே 'சயோனாரா'தான். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் அவருக்கு ஒரு பழைய வாள் கொடுத்தார்கள். (எனக்கு அட்டை.) நான் மட்சுவே போய் அவர் இருந்த வீட்டைப் பார்த்தபோது இந்த வாளை நினைத்துத்தான் பொறாமைப்பட்டேன், அதே அத்தியாயத்தில் இருக்கும் இன்னொன்றை மறந்தே போனேன்.

அவர் கிளம்பும் சமயம் ஊரில் காலரா. அவர் நடத்திய இன்னொரு பள்ளி, ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, அங்கே புகுந்துவிட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் செத்தார்கள். மிச்சம் பேரைத் தமட்சுகுரி என்ற வெந்நீர் ஊற்று கிராமத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள், அங்கேயும் வந்தது, கடைசியில் எல்லாரையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளிடம் அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இதைச் சொன்னால் உங்களுக்கு ஆறுதலா இல்லையா தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் இருந்தது.

4 மார்ச் 2020

"க்ளார்க்கை ஏன் விட்டீர்கள்" என்று ஒருவர். சரி, அந்த அமெரிக்க வாத்தியாரும் வரட்டும். சப்போரோ விவசாயக் கல்லூரி, எட்டே மாதம், 1877 ஏப்ரலில் ஷிமாமட்சு வரை வழியனுப்ப வந்த மாணவர்களைப் பார்த்து குதிரை மேலிருந்து 'பாய்ஸ், பி ஆம்பிஷியஸ்' என்று சொல்லிவிட்டுப் போனார் என்பது ஜப்பானில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். மூன்றே சொல். அதற்குத்தான் சொன்னேன், பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நமக்குக் குதிரை வேறு கிடையாது.

27 மார்ச் 2020

ரினின்ஷிகி பிள்ளைகள் இல்லாமல் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காலிக் கூடம், ஆசிரியர்கள் மட்டும் முகமூடியோடு தள்ளித் தள்ளி, நீங்கள் பேசியதை ஒருவர் வீடியோ எடுத்தார். பூங்கொத்து இருந்ததா? எழுதவில்லையே.

14 நவம்பர் 2021

அட்டையைப் பற்றி ஒரு திருத்தம்.

வீடு மாறினேன், பெட்டியிலிருந்து எல்லாம் வெளியே வந்தது. அந்தச் சுற்றறிக்கை அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தபோது பேனா எழுத்துக்குக் கீழே பென்சில் தடம் தெரிந்தது. பென்சிலில் எழுதி, மேலே பேனா ஓட்டி, ரப்பர் போட்டு அழிப்பது அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கம், அதில் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் நாலைந்து பேருடையதில் கீழே இருக்கும் பள்ளமும் மேலே இருக்கும் வாக்கியமும் வேறு வேறு. முதலில் ஜப்பானிய மொழியில் எதையோ எழுதிவிட்டு, அழித்து, பலகையில் இருந்ததை எழுதியிருக்கிறார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒன்றே ஒன்றில் தொடக்கத்தைப் படிக்க முடிந்தது: 'சென்செய் நோ ஜி வா'. சாரோட கையெழுத்து. அதற்கு மேல் காகிதம் நைந்துவிட்டது, அழுத்தி அழித்திருக்கிறாள்.

என் கையெழுத்துக்கு என்ன? அழகா, கோழிக் கிறுக்கலா? பலகையில் நான் போடும் ஒன்றும் ஏழும் ஒன்றாகத் தெரிகிறது என்று ஏற்கனவே ஒரு புகார் இருந்தது.

15 நவம்பர் 2021

யமகதா அன்பர் வந்துவிட்டார். "புகாராக இருந்தால்தான் ஆசிரியர் அழிக்கச் சொல்லியிருப்பார்." நன்றி ஐயா. இருந்தாலும் அந்த அட்டையை இப்போது அலமாரியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

22 அக்டோபர் 2023

இந்த இழையை யாரும் இன்னும் படிக்கிறார்களா தெரியவில்லை. கேட்டவர் இப்போது டொரோண்டோவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

போன வாரம் ஐந்து வருடம் கழித்து அந்த ஊருக்குப் போய்வந்தேன். ஆக, இத்தேகிமாஸ் பொய்யில்லை, தாமதம்தான். 14 பேர் பள்ளி மூடியாகிவிட்டது. வருடத்துக்குச் சுமார் 450 பள்ளிகள் மூடும் நாட்டில் அது ஒரு செய்தியே இல்லை. ஷூ கழற்றும் வாசல் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன், செருப்பு அலமாரி காலி, சுவரில் ஒற்றைச் சக்கர சைக்கிள்கள் மட்டும் வரிசையாகத் தொங்கின. நாற்காலிகளைக் காணவில்லை, அடியில் வட்டம் போட்டதும் அதில் ஒன்று.

ராத்திரி கோவில் திருவிழா. இவாமி பக்கம் அக்டோபரில் ககுரா விடிய விடிய நடக்கும், நம் கூத்து மாதிரி, மேளமும் முகமூடியுமாக. கடைசியில் எட்டுத் தலைப் பாம்பு ஒரோச்சி. மூங்கில் வளையமும் காகிதமுமாக நீள நீளமான உடல்கள், மேடை பூராவும் சுருண்டு புகை கக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் பாம்பின் வயிற்றிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், வேர்வையில் தலைமுடி ஒட்டிப்போய். அதில் ஒருத்தன் அந்தப் பையன். நடுநிலைப் பள்ளி முதல் வருடம். பழைய ஆசிரியை அவனைக் கூப்பிட்டு, யார் தெரிகிறதா என்றார்.

நன்றாக முகத்தைப் பார்த்தான். ஜாங்கென் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். நாற்காலி? இல்லை. அப்புறம் சட்டென்று முகம் மலர்ந்து, பக்கத்தில் நின்ற இன்னொரு பாம்பிடம் சொன்னான்: "டேய், சைக்கிளில் இருந்து விழுந்தாரே, அவரு."

இரண்டு பாம்புகளும் சிரித்தன. ஆசிரியையும் சிரித்தார், அவரும் அங்கே இருந்தவர்தான்.